எட்டாங்கிளாஸ் டிஸ்க்

நூற்பாலை ஆபீசின் பழைய கம்ப்யூட்டரில் பெரிய ஹார்ட் டிஸ்க்கை மாட்டியதும் அது அப்படியே நின்றுவிட்டது. "சாயங்காலத்துக்குள்ள ஓடலேன்னா எல்லாருக்கும் சீட்டு கிழியும்!" என்று குதித்தார் மேனேஜர் தணிகாசலம். டீ வைக்க வந்த அட்டெண்டர் அமுதவல்லி, டிஸ்க்கின் பின்னாலிருந்த சின்ன கிளிப்பை மாற்றிச் செருகினாள். கம்ப்யூட்டர் ஓடியது.

"என்னம்மா செஞ்சே?"

"பெரிசுன்னா இது சேத்துக்காது சார். இப்போ டிஸ்க் தன்னைச் சின்னதுன்னு சொல்லிக்குது."

"எட்டாங்கிளாஸ் படிச்ச உனக்கு இதெப்படித் தெரியும்?"

"எஞ்சினியர்னு எழுதிக் கொடுத்தப்போ வேண்டாம்னீங்க. எட்டாவதுன்னு எழுதினேன், சேத்துக்கிட்டீங்க."

தணிகாசலம் டீயைக் கையில் எடுத்தார். "அது கிடக்கட்டும். டிஸ்க்கில மிச்ச இடம் என்னாகும்?"

"உள்ளேயே வீணாக் கிடக்கும் சார். எனக்குக் கிடக்கலையா?"