பூனைக்குக் கிடைத்த வால்தட்டு

ஒரு காட்டில் மழைக்காலம் தொடங்கும்போது ஒரு வழக்கம் உண்டு. முதல் கருமேகம் திரண்டதும் மயில் பெரிய பாறைமீது ஏறித் தோகை விரித்து ஆடும். எல்லா மிருகங்களும் சுற்றி உட்கார்ந்து பார்க்கும். ஆட்டம் முடிந்ததும் அவை வாலால் தரையைத் தட்டும். அந்தக் காட்டில் அதுதான் கைதட்டல். அதற்கு வால்தட்டு என்று பெயர்.

அந்த வருடமும் மேகம் வந்தது. மயில் பாறைமீது ஏறியது. தோகையை விரித்து, ஒரு காலைத் தூக்கி, கழுத்தைச் சாய்த்து நின்றதுதான் தாமதம், ஆற்றங்கரைப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது.

"தொப்!"

அவ்வளவுதான். "ஐயையோ, ஆரம்பிச்சுட்டாங்க!" என்று முயல்கள் எழுந்து ஓடின. பின்னாலேயே கீரியும் மானும் பன்றியும் ஓடின. யானைகூட, "கோவிச்சுக்காதே மயிலு, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனது. திரும்பி வரவே இல்லை.

ஆமை மட்டும் மிச்சம் இருந்தது. நம் ஆட்டத்தைப் பார்க்க ஒருவராவது இருக்கிறாரே என்று மயிலுக்குக் கொஞ்சம் ஆறுதல். உற்றுப் பார்த்தால், ஆமையும் ஆற்றங்கரையை நோக்கித்தான் நகர்ந்துகொண்டிருந்தது!

மயிலுக்கு வயிறு எரிந்தது. பாவம், விரித்த தோகையை என்ன செய்வதென்றே அதற்குத் தெரியவில்லை, குழந்தைகளே. 'அப்படி என்னதான் நடக்கிறது அங்கே?' என்று தானும் மெல்லப் பின்னால் போனது.

அங்கே ஒரு காட்டுப்பூனை ஓர் அணிலைத் துரத்திக்கொண்டிருந்தது. அந்த வேடிக்கையில் பூனை அணிலைப் பிடித்தே தீர வேண்டும். அணிலுக்கோ உடம்பெல்லாம் குறும்பு. பாசி படிந்த பாறைமேல் அது குடுகுடுவென்று ஓடும். பூனை பாயும், சர்ரென்று வழுக்கிச் சேற்றில் விழும். எழுந்து விளாமரத்தடிக்கு ஓடிவரும். அணில் மேலேயிருந்து ஒரு விளாம்பழத்தின் காம்பைக் கடித்துவிடும். அது நேராகப் பூனையின் தலையில் "டொக்" என்று விழும். பூனையின் கண் இரண்டும் சுற்றும். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வால்தட்டில் தரையே அதிரும்.

மயில் பக்கத்தில் நின்ற மானைக் கேட்டது. "நேற்றும் இதேதான் நடந்ததா?"

"முந்தாநாளும் இதேதான்" என்று மான் சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டது.

"பழம் விழப்போகிறது என்று தெரிந்துமா சிரிக்கிறாய்?"

"தெரிந்ததால்தான் சிரிக்கிறேன் மயிலே. காலையில் எங்களைப் புலி துரத்தியது. புலி துரத்தினால் எங்களில் யாராவது ஒருத்தர் வீடு திரும்புவதில்லை. இங்கே துரத்தி முடித்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். இதைத் தினமும் பார்த்தாலும் எனக்குப் போதவில்லை."

மயிலின் காதில் இதில் பாதிகூட ஏறவில்லை. அதன் கண்ணெல்லாம் தரையைத் தட்டும் வால்கள் மேலேயே இருந்தது. 'குஞ்சாக இருந்த நாளிலிருந்து ஆடிப் பழகியவன் நான். இவன் சும்மா விழுகிறான். விழுவதற்கு ஒரு வால்தட்டா!' என்று பொருமியது.

அன்றிலிருந்து அதற்கு இரை இறங்கவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் பூனையைக் குறை சொல்லித் திரிந்தது.

"அந்தப் பூனையின் பின்னங்கால் கோணல், பார்த்தாயா?" என்று பன்றியிடம் சொன்னது.

"பார்க்காமல் என்ன! அந்தக் கோணல் காலை விரித்துக்கொண்டு விழுவானே, அடடா!" என்று பன்றி நினைத்து நினைத்துச் சிரித்தது. மயிலுக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

கடைசியில் பொறுக்க முடியாமல் பூனையிடமே போனது. பூனை ஒரு புதரடியில் படுத்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

"ஏய் பூனை! நாளைக்கு உன் இடத்தை எனக்குக் கொடு. அணிலை நான் துரத்துகிறேன்."

"நீங்களா அண்ணே? எதுக்கு?"

"எதுக்கா? உன்னைப் போல ஒருவன் விழுந்தாலே இவ்வளவு வால்தட்டு என்றால், இவ்வளவு அழகான நான் விழுந்தால் எவ்வளவு கிடைக்கும்!"

"தாராளமா எடுத்துக்கோங்க. நானும் ஒரு நாள் படுத்துக் கிடக்கிறேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க அண்ணே. அந்தப் பாறையில பாசி எங்கே வழுக்கும்னா..."

"போதும், போதும். விழுவதற்குக்கூடப் பாடமா? எனக்கே சொல்லித் தருகிறாயா?" என்று மயில் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அணிலிடம் கேட்டபோது, "யார் துரத்தினால் எனக்கென்ன? ஓடுவது நான்தானே!" என்று வாலை ஆட்டியது.

மறுநாள் சாயங்காலம் பூனையின் இடத்தில் மயில் வந்து நின்றதும் கூட்டம் வாயைப் பிளந்தது. மயில் தோகையை நன்றாகக் கோதிவிட்டு வந்திருந்தது. எங்கே விழுவது என்றுகூட முடிவு செய்திருந்தது. பாறை ஓரத்தில் மெத்தென்று புல் இருந்தது. அதன்மேல் தோகை கசங்காமல், ஒயிலாகச் சாய வேண்டும். அதுதான் அதன் திட்டம்.

திட்டம் அணிலுக்குத் தெரியாதே! அது கீச்சென்று கத்திக்கொண்டு பாசிப் பக்கமாக ஓடியது. மயில் பின்னால் ஓடியது. அடுத்த நொடி இரண்டு காலும் மேலே போயின. அலகு பாறையில் இடித்தது. தோகை கீழே, மயில் மேலே என்று சர்ரென்று வழுக்கிப் போய்ச் சேற்றில் விழுந்தது.

"தொப்!"

எழுந்தது. நனைந்த தோகை கனத்தது. தன் தோகையைத் தானே மிதித்து மறுபடியும் குப்புற விழுந்தது. பிய்ந்த இறகுகள் சேற்றில் மிதந்தன. தள்ளாடித் தள்ளாடி விளாமரத்தடிக்கு வந்ததும்,

"டொக்!"

காடே இடிந்து விழுவதுபோல் ஒரு சிரிப்பு. யானை சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டது. ஆமைகூட அன்று சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. பூனைக்கு ஒரு நாளும் கிடைக்காத வால்தட்டு மயிலுக்குக் கிடைத்தது.

ஆனால் மயிலின் தலை விண்விண்ணென்று தெறித்தது. இடுப்பைத் திருப்ப முடியவில்லை. "சிரிக்காதீங்க! நிஜமாவே வலிக்குது!" என்று அது அலறியது. அதைக் கேட்டு எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மயிலுக்கு அழுகை வந்துவிட்டது.

புதரடியில் படுத்திருந்த பூனை எழுந்து வந்து, அதன் காதருகே குனிந்தது.

"எழுந்திருங்க அண்ணே. இன்னும் பாதி பாக்கி இருக்கு."

"பாதியா! தினமுமா இப்படி வலிக்கும்?"

"தினமும்தான்."

"இதை நீ யாரிடமும் சொன்னதே இல்லையே!"

"யாரும் கேட்கலையே அண்ணே. நீங்களும் வால்தட்டைத்தானே கேட்டீங்க?"

மயில் எழுந்திருக்கவில்லை. பூனை ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு தன் கோணல் காலை இழுத்துக்கொண்டு பாறைமேல் ஏறியது. அணில் கீச்சென்றது. துரத்தல் மறுபடியும் தொடங்கியது.

அடுத்த நாளும் ஆற்றங்கரையில் கூட்டம் கூடியது. முன்வரிசையில், பாதித் தோகையோடு மயில் உட்கார்ந்திருந்தது. பூனை வழுக்கி விழுந்தது. விளாமரத்தடிக்கு ஓடி வந்தது. பழம் நேராக அதன் தலையில் இறங்கியது.

எல்லோரும் சிரித்தார்கள். மயில் மட்டும் காலைத் தூக்கித் தன் தலையைத் தடவிக்கொண்டது.

நீதி: பிறர் வாங்கும் கைதட்டலைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர் கண்ணுக்கு, அவர்கள் வாங்கும் அடி தெரிவதில்லை.