திரைக்குப் பின்னால் பத்து நாழிகை

மருதங்குடி ராஜா வீரமுத்து பூபதிக்கு ஒரு நாள் காலையில் திடீரென்று ஞானம் பிறந்தது.

"நான் இரவில் பத்து நாழிகைதான் தூங்குகிறேன். வளர்ந்த மனுஷனுக்கு அது தாராளம். இனி அரண்மனை ஆட்கள் ஒருவரும் அதற்கு மேல் தூங்கக் கூடாது. தூங்கினால் நாடு கடத்தல்!" என்றார். பத்து நாழிகை என்றால் நம் கணக்கில் வெறும் நாலு மணி நேரம்.

அப்புறம் கேட்க வேண்டுமா! சமையற்காரர் பாயசத்தில் உப்பை அள்ளிப் போட்டார். நாவிதர் மந்திரியின் மீசையில் ஒரு பக்கத்தை வழித்தே விட்டார். யானைப்பாகன் சடையன் ஊர்வலத்தில் யானைக் கழுத்திலேயே கண்ணயர்ந்தான். யானை பார்த்தது, ராஜாவையும் சுமந்துகொண்டு நேரே கரும்புத் தோட்டத்துக்குள் போய்விட்டது.

"தூங்குமூஞ்சிப் பயலைத் துரத்துங்கள்!" என்று குதித்தார் ராஜா.

சடையன் விகடகவி அம்பலக்கூத்தனிடம் ஓடினான். "அந்த யானையை விட்டால் எனக்கு யாருமே இல்லை சாமி. இருபது நாழிகை தூங்கிப் பழகிய உடம்பு, நான் என்ன செய்வேன்?" என்று தேம்பினான். அம்பலக்கூத்தன் உடனே எழுந்தார். நேரே ராஜாவிடம் போனார்.

ராஜா மசியவில்லை. "இருபது நாழிகை தூங்கியும் திறமையாக வேலை பார்க்கிறவன் ஒருத்தனைக் காட்டு. பாகன் இருக்கட்டும். இல்லையென்றால் நீயும் அவனோடு மூட்டையைக் கட்டு!"

"ஒரு நாள் அவகாசம் கொடுங்கள் மகாராஜா."

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவின் கண் சொருகியதும் பட்டுத் திரையை இழுத்துவிடுவார்கள். "மகாராஜா ராஜ்ய யோசனையில் இருக்கிறார்!" என்று கட்டியக்காரன் கூவுவான். குறட்டைச் சத்தம் காதில் விழுந்தாலும் யாரும் சிரிக்கக் கூடாது. அன்றைக்கு முழுக்க அம்பலக்கூத்தன் திரையோரமே உட்கார்ந்திருந்தார். திரை மூடியிருந்த ஒவ்வொரு நாழிகைக்கும் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டார்.

மறுநாள் சடையனோடு சபைக்கு வந்து கயிற்றை நீட்டினார். "பத்து முடிச்சு மகாராஜா. இரவில் பத்து, திரைக்குள் பத்து. ஆக இருபது. தங்களைவிடத் திறமைசாலி இந்த நாட்டில் யார்?"

மந்திரி மிச்ச மீசையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"அடேய்! திரைக்குள் நான் செய்வது யோசனை!" என்று உறுமினார் ராஜா.

"அப்படியா! அப்படியானால் சடையன் யானை மேல் செய்ததும் யோசனைதான். பாவம், அவனுக்குத் திரை இழுக்க ஆள் இல்லை."

ராஜா கயிற்றைப் பார்த்தார். சடையனைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "எல்லோரும் இருபது நாழிகை தூங்கித் தொலையுங்கள்! பாகன் யானையிடம் போகட்டும். கூத்தா, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

அம்பலக்கூத்தன் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார்.

"அந்தத் திரையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுக்கச் சொல்லுங்கள் மகாராஜா. எனக்கும் அவசரமாக ஒரு ராஜ்ய யோசனை இருக்கிறது."