வாய்க்கால்மேல் கட்டிய மண்டபம்

வறண்டுபோன ஒரு குளத்தில் சில தவளைகளும் நத்தைகளும் ஓர் ஆமையும் மிச்சமிருந்தன. மற்றவை எல்லாம் பிழைப்புத் தேடிப் போய்விட்டன. குளத்தின் நடுவே ஒரு குட்டை அளவுதான் தண்ணீர். காட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தது.

ஆமையின் பெயர் பொறையன். ஒருநாள் அது யாரிடமும் சொல்லாமல் வாய்க்காலில் இறங்கி மண்ணைப் பறிக்கத் தொடங்கியது.

"பொறையண்ணே, மழைக்குள்ள முடிஞ்சிடுமா?" என்று கேட்டது தவளை குண்டுமணி. அதன் தலைப்பிரட்டைகள் அந்தக் குட்டையில்தான் நெளிந்துகொண்டிருந்தன.

"ஒத்தையா தோண்டினா முடியாது. நாலு பேர் வந்தா முடியும்."

நாலு தவளைகள் வந்தன. பாதி வாய்க்கால் திறந்துவிட்டது.

அந்தப் பக்கம் வந்த நரி சித்திரன் கண்ணீர் விடாத குறைதான். "அடடா! இவ்வளவு நல்ல காரியத்தைப் பேர் இல்லாமலா செய்யுறது? ஒரு சங்கம் வேண்டாமா?"

குள மறுமலர்ச்சிச் சங்கம் பிறந்தது. பொறையன் தலைவர். சித்திரன் செயலாளர். நரி போய்ப் பேசியதில், பெரிய ஏரியின் கூழைக்கடாப் பறவைகள் அலகுப் பை நிறைய மீன் கொண்டுவந்து கொட்டின.

மீன் வந்ததும் ஆட்கள் வந்தார்கள். தோண்டுகிறவர்களை மேற்பார்க்கக் காகம் வந்தது. காகத்தை மேற்பார்க்கக் கொக்கு வந்தது. கொக்கு பார்ப்பது சரியா என்று ஆராய உடும்பு வந்தது. தோண்டுவதற்கு மட்டும் அதே நாலு தவளைகள். கொஞ்சம் மண்ணே மிச்சமிருந்தபோது அவற்றையும், தோண்டுவது எப்படி என்ற பயிற்சிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

ஒருநாள் கூழைக்கடாக்கள் முகம் சுளித்தன. "பள்ளத்தைக் காட்டினால் எப்படி? கண்ணுக்கு நிறைவாக எதையாவது காட்டுங்கள்!"

"மண்டபம் கட்டிடுவோம் தலைவரே!" என்றது நரி. "வாய்க்கால்லயே கட்டுவோம். நீங்க சமப்படுத்தி வெச்ச இடம். நல்ல நிழல் வேற."

"அது தண்ணி வர்ற வழியாச்சே?"

"தண்ணி வரும்போது பாத்துக்கலாம். வாசல் கல்லுல உங்க பேரைப் பொறிக்கிறோம்!"

தவறு என்று பொறையனுக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் கழுத்தை நீட்டியது. நீட்டிய கழுத்தில் அல்லி மாலை விழுந்தது. அது நன்றி சொல்லிவிட்டது.

மண்டபம் எழுந்த மறுவாரம் காட்டில் மழை கொட்டியது; குளத்தின்மேல் வெறும் தூறல்தான். காட்டுத் தண்ணீர் வாய்க்காலில் ஓடிவந்து மண்டபச் சுவரில் முட்டியது. சற்று நின்றது. பிறகு பக்கத்துப் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

"அண்ணே! சுவரை இடிங்க!" என்று அலறியது குண்டுமணி. "குட்டை வத்திப்போச்சு! என் பிள்ளைங்க சேத்துல துடிக்குது!"

"பொதுக்குழு கூடாமலா?" என்று குறுக்கே வந்தது நரி.

"தீர்மானம் வேணும்!" என்றது காகம்.

பொறையன் நகத்தை ஓங்கியது. எதிரே வாசல் கல்லில் அதன் பெயர், தூறலில் நனைந்து பளபளத்தது. இடிக்காமல் இதற்கு வேறு வழியே இல்லையா என்று யோசித்தது. நல்ல ஆமைதான். ஆனால் தனக்குப் பிடித்ததைப் பற்றி மெதுவாக யோசிக்கும் ஆமை.

யோசித்து முடித்துச் சுவரில் ஓட்டை போட்டபோது காட்டில் மழை விட்டிருந்தது. ஓட்டை வழியே நாலு சருகும் ஒரு கை நீரும் வந்தன.

குண்டுமணி பிழைத்த தலைப்பிரட்டைகளை முதுகில் ஏற்றிக்கொண்டது. பாதிக்கு மேல் சேற்றிலேயே கிடந்தன.

"குண்டுமணி..." என்றது ஆமை.

"மண்ணு தோண்டுறப்போ நீங்க எங்களுக்கு அண்ணன். இப்போ தலைவரு. இருங்க தலைவரே, நாங்க வர்றோம்."

தவளைகள் எல்லாம் பக்கத்துப் பள்ளத்துக்குத் தாவிப் போயின. அங்கே தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் கூழைக்கடாக்கள் வந்து அதைப் பார்த்துச் சிறகடித்தன. "அற்புதம்! அது யார் செய்த வேலை?"

"நம்ம கிளைச் சங்கம்தான்!" என்றது சித்திரன், கண் இமைக்காமல்.

"இல்லை, அது வந்து..." என்று தொடங்கியது பொறையன். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. அதுவும் இரண்டாம் முறை சொல்லவில்லை.

பிறர் தாகம் தீர்க்கப் புறப்பட்டவன் தன் பெயருக்கு மண்டபம் கட்டத் தொடங்கினால், தண்ணீர் வேறு வழி பார்த்துக்கொள்ளும்.