நனையாத பையும் என் சைக்கிள் பம்பும்

மேலப்பொட்டல்காரர்களைப் பற்றி நான் தவறாக ஒன்றும் சொல்ல மாட்டேன். என் சைக்கிள் பம்பை வாங்கிக்கொண்டு போய் இன்றுவரை திருப்பித் தரவில்லை என்ற கோபத்தில் இதைச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது வேறு, இது வேறு. பம்பு விஷயம் பிறகு வரும்.

எங்கள் கீழப்பொட்டலுக்கும் அவர்களுடைய மேலப்பொட்டலுக்கும் நடுவில் ஓர் ஓடைதான். ஓடைக்கு இந்தப் பக்கம் பிறந்தவர்களுக்குக் கொஞ்சம் அறிவு உண்டு. அந்தப் பக்கம் நல்ல காற்று உண்டு.

அந்த ஊரில் மூன்று பேர். மூத்தவன் கோமதிநாயகம், அடுத்தவன் பால்வண்ணம், இளையவன் தளவாய். கூடப்பிறந்தவர்கள் இல்லை. ஆனால் ஒருவன் தும்மினால் மற்ற இருவரும் மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள். மூவருக்கும் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை காட்டும் வேலை. சைக்கிளில் போய் வருவார்கள். பால்வண்ணம் தனியாக ஒரு சைக்கிளில். கோமதிநாயகம் இன்னொன்றில், அவன் கேரியரில் தளவாய்.

சேலைக்கடை வேலை என்றால் சும்மா எடுத்துப் போடுவது இல்லை. வாங்க வந்த பெண்கள், "உடுத்தினா எப்படி இருக்கும்?" என்று கேட்டால், விற்கிறவன் தன் தோளிலேயே முந்தானையைப் போட்டு, இடுப்பில் கொசுவம் பிடித்துக் காட்ட வேண்டும். கோமதிநாயகம் இதில் கெட்டிக்காரன். அவன் மேல் எடுப்பாக இருந்த சேலை பிறகு வாங்கினவள் மேல் அவ்வளவு எடுப்பாக இருந்தது இல்லை என்று ஊரில் பேச்சு.

அந்த வேலையைச் சொல்லித்தான் அவனுக்குப் பெண் கிடைத்தது. மாமனாருக்குச் செங்கல் சூளை. "சேலைக்கடையில இருக்குத வரைக்கும் நீரு மாப்பிள்ளை. வேலை போச்சுன்னா மறுநாளே சூளைக்கு வந்து மண்ணு மிதிக்கணும்" என்று நிச்சயதார்த்தத்திலேயே சொல்லிவிட்டார். சூளை மண் கூடப் பரவாயில்லை. மண் மிதிக்கும்போது பக்கத்தில் மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவார். கோமதிநாயகத்துக்கு அதுதான் பயம்.

ஐப்பசி பிறந்தது. தீபாவளிக் கூட்டமும் மழையும் சேர்ந்து வந்தன. மூவரும் நனைந்த சட்டையோடு போய்க் கடையில் நின்றார்கள். கோமதிநாயகம் ஓர் அரக்குச் சேலையைத் தோளில் போட்டுக் காட்டினான். எடுத்தபோது சேலை ஈரம், சட்டை அரக்கு. வாங்க வந்த அம்மாள் முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "இந்தச் சேலை இப்பத்தான் ஆத்துல குளிச்சிட்டு வருதா?" என்று கேட்டாள்.

முதலாளி மூவரையும் கூப்பிட்டார். "திங்கக்கிழமையில இருந்து எவனாவது ஈரச் சட்டையோட சேலையைத் தொட்டான், அன்னைக்கே வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான். முதுகுல மாட்டுத பையா, மழைக்கு நனையாத பையா ஒண்ணு வாங்குங்க. காஞ்ச சட்டையை அதுக்குள்ள வச்சுக் கொண்டாங்க. திங்கக்கிழமை நானே வாசல்ல நின்னு பார்ப்பேன்."

"எதைப் பார்ப்பீய முதலாளி?" என்று கேட்டான் தளவாய்.

"பையைத்தான்!" என்று கத்தினார் முதலாளி.

மூவரும் அதை மனதில் வாங்கிக்கொண்டார்கள்.

மூவரும் டவுனில் மைதீன் பாய் பைக்கடைக்குப் போனார்கள். அங்கே நல்ல பை, கெட்ட பை எல்லாம் இருக்கும். எது எது என்று அவரே சொல்லிவிடுவார். அவ்வளவு நேர்மையான மனுசன். கறுப்பில் ஒரு பையை எடுத்துக் கோமதிநாயகத்தின் முதுகில் மாட்டினார்.

"சைக்கிள்ல போறதுக்குன்னா நின்னு பார்த்தாப் பத்தாது அண்ணாச்சி. ஓட்டுற மாதிரி குனிஞ்சு பாருங்க."

கோமதிநாயகம் குனிந்து, இல்லாத ஹேண்டில்பாரைப் பிடித்தான்.

"இந்தப் பக்கம் திரும்புங்க, பட்டை உறுத்துதான்னு பார்ப்போம்."

கோமதிநாயகம் கையை நீட்டிச் சைகை காட்டினான். பின்னால் யாரும் வரவில்லை என்று பால்வண்ணம் பார்த்துச் சொன்னான். பிறகுதான் திரும்பினான்.

"உறுத்தல்லியே? சரி. இனி நீங்க தினமும் சைக்கிள்ல கொண்டு போற பாரத்தை உள்ள வச்சு ஒரு தடவை மாட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு பாய் வேறு ஆளைக் கவனிக்கப் போனார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தினமும் கொண்டு போகிற பாரம் தளவாய்தான்.

தளவாய் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பைக்குள் இறங்கினான். முழங்கால் வரை சுலபமாகப் போனான். பால்வண்ணம் தோளைப் பிடித்து அமுக்கினான். "மூச்சை உள்ள இழுல. வீட்டுல அரிசிச் சாக்கைக் குலுக்குவோம்லா, அது மாதிரி குலுங்கு." தளவாய் குலுங்கினான். கோமதிநாயகம் வார்களில் கையை விட்டுத் தூக்கப் பார்த்தான். அடுக்கி வைத்திருந்த சூட்கேஸ்கள் மேல் மூவரும் போய் விழுந்தார்கள்.

பாய் ஓடி வந்தார்.

"பாரம்னா சட்டை, சாப்பாட்டுத் தூக்கு அண்ணாச்சி" என்றார். தளவாயை வெளியே எடுக்க அவரே கை கொடுத்தார். கிழியாத பை என்பது மட்டும் அங்கேயே தெரிந்துபோனது.

அவர்கள் காசைக் கொடுத்ததும் பாய் இரண்டு விஷயம் சொன்னார். "முதுகுக்கும் பைக்கும் நடுவுல காத்து போய்க்கிட்டே இருக்கணும். இல்லைன்னா வேர்த்துரும். இன்னொண்ணு, இது நனையாத பை. சந்தேகம்னா வீட்டுல தண்ணி ஊத்திப் பாருங்க."

ஊற்றிப் பார்த்தார்கள். பால்வண்ணம் வீட்டுக் கிணற்றடியில் பையைக் கம்பத்தில் தொங்கவிட்டு, பை வாய் வரை தண்ணீர் ஊற்றினார்கள். அடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"நல்ல பை" என்றான் பால்வண்ணம்.

தளவாய்க்கு ஒரு சந்தேகம். "உள்ள இருக்க தண்ணி வெளிய வரல்ல, சரி. வெளிய இருக்க தண்ணி உள்ள போகாதுன்னு எப்படித் தெரியும்?"

கோமதிநாயகம் நெடுநேரம் யோசித்தான். "ஏலே, உன் வீட்டுக்கு உள்ள போறதுக்கு ஒரு வாசல், வெளிய வாறதுக்கு வேற வாசலா?"

"ஒரே வாசல்தான்."

"பூட்டியிருந்தா?"

தளவாய் அசந்துபோனான். பால்வண்ணம் எழுந்து கோமதிநாயகத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

பிறகுதான் பெரிய சிக்கல் வந்தது. சட்டை வைக்க வேண்டும் என்றால் தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும். தண்ணீர் வெளியே வராத பை என்று இப்போதுதான் நிரூபித்திருக்கிறார்கள். வேறு பைதான் வாங்க வேண்டுமோ என்று மூவரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, பாத்திரம் கழுவ வந்த பால்வண்ணத்தின் பெண்டாட்டி பையை இறக்கிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

"இவ பள்ளிக்கூடம் போனவ" என்றான் பால்வண்ணம் பெருமையாக.

அன்றைக்குச் சாயந்திரம்தான் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"மாமா, பம்பு வேணும்" என்றான் தளவாய்.

"டயர்ல காத்து இல்லியா?"

"டயருக்கு இல்ல மாமா. அண்ணாச்சி முதுகுக்கு."

முதுகுக்கு எதற்கு என்று கேட்பதற்கு முன்பே பம்பைக் கொடுத்துவிட்டேன். அது என் அப்பா வைத்திருந்த பித்தளைப் பம்பு. இப்போது அந்த மாதிரி வருவதில்லை.

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து மழை. காய்ந்த சட்டைகளை மடித்துப் பைக்குள் வைத்து மூடி, கோமதிநாயகம் முதுகில் மாட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தான். கேரியரில் தளவாய். அவன் தொடை மேல் என் பம்பு. பம்புக் குழாயின் நுனியைப் பைக்கும் முதுகுக்கும் நடுவில் செருகியிருந்தான். அடித்துக்கொண்டே போனான்.

"காத்து வருதா அண்ணாச்சி?"

"வருது, வருது. இடுப்புப் பக்கம் கொஞ்சம் அடி."

பஸ் ஸ்டாப் நிழற்குடைக்குப் பக்கத்தில் போகும்போது, கூட வந்த பால்வண்ணம் அலறினான். "நிறுத்துங்க! அண்ணாச்சி, நிறுத்துங்க! பை நனைஞ்சிட்டு!"

நிழற்குடைக்குள் ஒதுங்கிப் பார்த்தார்கள். உண்மைதான். பையின் வெளிப்பக்கம் முழுக்க ஈரம்.

"நனையாத பைன்னு பாய் சொன்னாரே" என்றான் தளவாய். அழுகிற மாதிரி இருந்தது குரல்.

"பாய் மேல தப்பு இல்ல. அவரு கடைக்குள்ள மழை பெய்யல்ல" என்றான் பால்வண்ணம்.

கோமதிநாயகத்தின் முகம் வெளுத்தது. "முதலாளி எதைப் பார்ப்பேன்னு சொன்னாரு?"

"பையை."

"இந்தக் கோலத்துல பார்த்தா என்ன ஆகும்?"

மூவருக்கும் சூளை தெரிந்தது. நாற்காலியும் தெரிந்தது.

"துடைச்சிருவோம்" என்றான் தளவாய்.

"எதை வச்சுல துடைக்க? நம்ம மேல காஞ்ச துணி எங்க இருக்கு?"

யோசித்தார்கள். காய்ந்த துணி ஓரிடத்தில்தான் இருந்தது. பையைத் திறந்து கோமதிநாயகம் தன் சட்டையை எடுத்தான். பையைத் துடைத்தான். பை பளபள என்று ஆனது. சட்டையைப் பிழிந்து மடித்து மறுபடி உள்ளே வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது, பை மறுபடி நனைந்திருந்தது. அங்கே பால்வண்ணத்தின் சட்டை போனது. கடைக்கு வந்து ஓரமாகக் கூரைக்கடியில் நின்று, தளவாயின் சட்டையால் மூலை முடுக்கு விடாமல் கடைசியாக ஒரு துடை துடைத்தார்கள். அதையும் பிழிந்து மடித்து உள்ளே வைத்தார்கள். உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே வராது என்பதுதான் முன்பே தெரியுமே.

வாசலில் முதலாளி நின்றார். அவருக்குப் பக்கத்தில் கோமதிநாயகத்தின் மாமனார். மருமகனுக்கு வேலை போகப்போகிறது என்று எவனோ அவரிடம் சொல்லிவிட்டான். மண்வெட்டியையும் கையோடு கொண்டு வந்திருந்தார்.

"எங்க சட்டை?" என்றார் முதலாளி.

"முதல்ல பையைத் தொட்டுப் பாருங்க முதலாளி" என்றான் கோமதிநாயகம். சேலை காட்டுகிற மாதிரியே பையைக் கையில் விரித்துப் பிடித்தான்.

முதலாளி தொடவில்லை. பையைத் திறந்து கையை விட்டார். கையில் வந்த சட்டையிலிருந்து தண்ணீர் அவர் செருப்பில் வழிந்தது. அவர் மூவரையும் பார்த்தார். மூவரும் பணிவாகச் சிரித்தார்கள்.

"பெரியவரே, கூட்டிட்டுப் போங்க இவனை" என்றார் முதலாளி.

ஆனால் மாமனார் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பையின் முதுகை, பக்கத்தை, அடியைத் தடவினார்.

"இந்தக் கொட்டுத மழையில இம்புட்டுத் தூரம் வந்திருக்கானுவோ. பையில பொட்டு ஈரம் இல்லியே முதலாளி! என் குடை கூட ஒழுகுது. இது எங்க கிடைக்கும்?"

சேலை வாங்க வந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "அந்தப் பை என் மகனுக்கு வேணுமே, சைக்கிள்ல காலேஜ் போறான்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி பையை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். முதலாளி என்ன இருந்தாலும் வியாபாரி. சட்டையைக் கீழே போட்டார். அன்று மத்தியானமே மைதீன் பாயிடம் பேசி முடித்து, ஜவுளிக்கடை வாசலில் ஒரு மேஜை போட்டுவிட்டார்.

"மூணு பேரும் இனி சேலைப் பக்கமே வரக் கூடாது. வாசல்ல மழையில நின்னு பை விக்கணும்."

"நாங்க நனைஞ்சிருவோமே முதலாளி?"

"நனைஞ்சாத்தான் வேலை!"

மாமனார் ஒரு பை வாங்கிக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகப் போனார்.

இப்போதெல்லாம் மழை இல்லாத நாளில் மூவரும் ஓடையில் முங்கி எழுந்து, சொட்டச் சொட்ட வேலைக்குப் போகிறார்கள். முதலாளி சொன்ன சொல்லை மீறாதவர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பொறுமை இழந்து, பம்பைக் கேட்க நானே ஓடையைத் தாண்டிப் போனேன். இரண்டு சைக்கிளையும் தலைகீழாக நிறுத்தி வைத்து, மூவரும் சுற்றிக் குந்தியிருந்தார்கள். ஒரு சக்கரத்தின் வால்வைத் திறந்து, என் பம்பின் குழாயை அதில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தார்கள். காற்று புஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது.

"என்னவே செய்யுதிய?"

"உங்க பம்பைத்தான் மாமா தயார் பண்ணுதோம்" என்றான் கோமதிநாயகம். "நீங்க தரும்போது அதுல நிறையக் காத்து இருந்துச்சு. முதுகுக்கு அடிச்சே பூராவும் தீந்துட்டு. வெறும் பம்பைத் திருப்பித் தந்தா மரியாதையா இருக்குமா?"

"அதான் டயர்ல இருக்க காத்தை ரொப்புதோம்" என்றான் தளவாய்.

நான் நிதானமாகத்தான் கேட்டேன். "டயர்க் காத்தெல்லாம் பம்புக்குள்ள போயிட்டா, நாளைக்கு வேலைக்கு எதுல போவிய?"

மூவரும் சக்கரங்களைப் பார்த்தார்கள். பம்பைப் பார்த்தார்கள். பால்வண்ணம் கோமதிநாயகத்தின் காதில் ஏதோ சொன்னான். கோமதிநாயகம் தலையை ஆட்டிவிட்டு எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மரியாதையாக என் முன்னால் வந்து நின்றான்.

"மாமா, உங்ககிட்ட இன்னொரு பம்பு இருக்கா?"