தன்னைப் பற்றி மூன்று வரி

“தன்னைப் பத்திச் சொல்றதுல ரெண்டு ஆபத்து இருக்குது. ஒண்ணு, அளவுக்கு மீறிச் சொல்றது. ரெண்டாவது...”

ரெண்டாவது சென்னியப்பனுக்கு நினைவில்லை. இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் கல்லூரி வழியனுப்பு விழாவில் முதல்வர் பேசியது. பின்வரிசையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டே கேட்டது.

“ரெண்டாவது என்னவா இருக்கும் டீச்சர்? அது மட்டும் தெரிஞ்சுட்டா எழுதி முடிச்சுருவேன்.”

வசுமதி மைக்கின் மேலிருந்த தூசியை ஊதினாள்.

“வடை நல்லா இருந்துச்சுங்களா?”

“இருந்துச்சுங்க.”

“அது நெனப்பிருக்குதல்ல. போதும்.”

ஈரோட்டுப் பொருட்காட்சியில் வசுமதிதான் அறிவிப்பாளர். ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளக் கடைக்கும் நடுவில் ஒரு தகரக் கூடாரம். உள்ளே ஒரு மேசை, ஒரு மைக். மைதானம் முழுக்க இருபத்திரண்டு ஒலிபெருக்கி. அறிவிப்பு இல்லாத நேரங்களில், வேலை தேடுகிறவர்களுக்குத் தங்களைப் பற்றி எழுதச் சொல்லிக் கொடுப்பாள். அவளிடம் போய் வந்த ஏழு பேருக்கு வேலை கிடைத்ததாக ஊரில் பேச்சு.

சென்னியப்பனைவிட எட்டு வயது இளையவள். அதில் அவனுக்குக் கூச்சமில்லை. டாக்காவிலும் அடிஸ் அபாபாவிலும் பத்தொன்பது வருடம் சாய ஆலைகளில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். திரும்பிப் பதினொரு மாதம் ஆகிறது. வேலை இல்லை. நாற்பத்தெட்டு வயதில் யார் முன்னாலும் கைகட்டி நிற்கத் தயாராக இருந்தான்.

இணையத்தில் வேலைக்காரர்களும் முதலாளிகளும் ஒருவரையொருவர் தேடிக்கொள்ளும் தளம் ஒன்று உண்டு. அதில் ‘உங்களைப் பற்றி’ என்று ஒரு பெட்டி. இரண்டாயிரத்து அறுநூறு எழுத்துக்கு இடம். அந்தப் பெட்டிதான் பதினொரு மாதமாக அவன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

முதல் ஞாயிறு, எழுதியதைக் கொண்டுவந்து படித்துக் காட்டினான்.

“பன்முகத் திறன் கொண்ட, விளைவுகளை நோக்கி அயராது உழைக்கும், தொலைநோக்குள்ள தலைவர்...”

டீச்சர் முழுக்கக் கேட்டாள். பிறகு டீ வாங்கி வரச் சொன்னாள்.

இரண்டாம் ஞாயிறு, அதையே இன்னும் நீட்டி எழுதி வந்தான். டீச்சர் தாளை வாங்கி மைக்கில் படித்தாள். இருபத்திரண்டு ஒலிபெருக்கியிலும் அவன் புகழ் முழங்கியது. மைதானத்தில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. அப்பளக் கடைக்காரர் மட்டும் எட்டிப் பார்த்தார்.

“எந்த இன்சூரன்ஸுங்க அது?”

இன்று மூன்றாம் ஞாயிறு. இதற்கு மேல் நாள் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு சாய ஆலைக்குத் தலைமைப் பொறுப்புக்கு ஆள் தேடுகிறார்கள். முதலாளி போனில் கறாராகச் சொல்லிவிட்டார். “அஞ்சு மணிக்கு ஏர்போர்ட்ல உக்காந்து நாலு பேரோட புரொஃபைலைப் படிப்பேன். ஒருத்தரைக் கூப்பிடுவேன். அதுக்குள்ள உங்க லிங்க் வந்திருக்கணும்.”

மணி மூன்று நாற்பது.

“கை பரபரங்குது டீச்சர். இன்னைக்கு எழுதிருவேன். எங்க ஆரம்பிக்கறதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க.”

“பரபரக்கட்டும். உக்காருங்க சார்.”

அவன் உட்காரவில்லை. அதற்குள் ஒரு பெண் ஓடி வந்தாள். ஒரு கையில் பஞ்சு மிட்டாய். இன்னொரு கையில் ஆண் செருப்பு ஒற்றை.

“எங்கப்பாவைக் காணோமுங்க!”

அவள் பெயர் சாந்தாமணி. அப்பா அர்த்தனாரி. எழுபத்திரண்டு வயது.

“பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பிரயோசனமில்லீங்க. ஒரு வருசமா மறதி. சில நேரம் அவரு பேரே அவருக்குத் தெரியாது. கேட்டைத் தாண்டிட்டா மெயின் ரோடுங்க. பஸ்ஸு பறக்குது.”

டீச்சர் முதலில் இரண்டு வாசல் காவலர்களுக்கும் போன் செய்தாள். தனியாக வரும் பெரியவர் யாரையும் வெளியே விடாதீர்கள் என்றாள். பிறகு மைக்கைச் சென்னியப்பன் பக்கம் நகர்த்தினாள்.

“சொல்லுங்க சார்.”

“நானா?”

“எழுத வந்தவரு நீங்கதானுங்களே.”

 ஒரு வேலை கையில் வந்துவிட்டதில் சென்னியப்பனுக்கு உள்ளுக்குள் ஏதோ துள்ளியது. சாந்தாமணியிடம் திரும்பினான்.

“அப்பா எப்படிப்பட்டவருங்க?”

“தங்கமானவருங்க. பொறுமைசாலி. நாலு பேருக்கு நல்லது செய்யணும்னு நெனைப்பாரு. உழைச்சு உழைச்சே தேஞ்சவரு.”

“டிரெஸ்ஸு?”

“வெள்ளை வேட்டி. வெள்ளைச் சட்டை.”

அவன் தொண்டையைச் சரி செய்துகொண்டான்.

“பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு! திரு. அர்த்தனாரி அவர்கள், வயது எழுபத்திரண்டு, நரைத்த தலை, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பொறுமைசாலி, அனுபவசாலி, கடும் உழைப்பாளி, அனைவரிடமும் அன்பாகப் பழகும் பண்பாளர். அவரைக் கண்டவர்கள் உடனடியாக அறிவிப்புக் கூடாரத்துக்கு அழைத்து வரவும்!”

குரல் கணீரென்று போனது. அவனுக்கே பெருமையாக இருந்தது.

ஐந்து நிமிடத்தில் பலன் கிடைத்தது. நான்கு பெரியவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

முதலாமவரைத் தன்னார்வலர்கள் இருவர் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அவர் திமிறினார்.

“நான் தொலையலீங்க! எம் பொண்டாட்டி பஜ்ஜி வாங்கப் போயிருக்கறா. நிக்கற எடத்தை விட்டு நகரக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனா. இப்ப நகர்த்திட்டீங்க. அவளுக்கு நீங்களே பதில் சொல்லிக்கங்க.”

இரண்டாமவர் தானாகவே வந்திருந்தார். ஓய்வு பெற்ற தாசில்தார்.

“அனுபவசாலின்னு மைக்ல சொன்னாங்க. என்னையத்தான் ஏதோ கௌரவிக்கக் கூப்பிடறாங்கன்னு நெனச்சேன்.”

மூன்றாமவரைக் கொண்டுவந்த தன்னார்வலர் உறுதியாக இருந்தார்.

“பொறுமைசாலின்னீங்களே. அரை மணி நேரமா டிக்கெட் வரிசையில ஒரு வார்த்தை பேசாம நின்னாருங்க. இவரா இல்லாட்டி வேற யாரு?”

நான்காமவர் சாந்தாமணியை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ யாருன்னு தெரியலை கண்ணு. ஆனா சோறு போடறதுன்னா வர்றேன்.”

சாந்தாமணி தலையில் கை வைத்துக்கொண்டாள். “இதுல எங்கப்பா இல்லீங்க.”

சென்னியப்பன் டீச்சரைப் பார்த்தான்.

“எல்லாம் சரியாத்தானுங்களே சொன்னேன்?”

“சரியாத்தான் சொன்னீங்க சார். அதான் நாலு பேரு வந்திருக்காங்க.”

அவள் நாற்காலியை இழுத்துச் சாந்தாமணிக்கு நேராக உட்கார்ந்தாள்.

“அக்கா. நல்லவரு, வல்லவரு எல்லாம் இருக்கட்டும். ஒத்தையில விட்டா உங்கப்பா எங்க போயி நிப்பாரு?”

சாந்தாமணி முழித்தாள். யோசித்தாள். திடீரென்று அழுகை போய் எரிச்சல் வந்தது.

“அதை ஏனுங்க கேக்கறீங்க! அவரைக் கூட்டிக்கிட்டு ஒரு எடத்துக்குப் போக முடியாது. தறிக் குடோன்ல மேஸ்திரியா இருந்தவரு. எது ஓடினாலும் அங்க நின்னுக்குவாரு. கைய அது மேல வெப்பாரு. கண்ணை மூடிக்குவாரு. ‘பேரிங் போச்சு’ம்பாரு. ஆஸ்பத்திரி லிஃப்டுல சொன்னாரு. மச்சாண்டார் ஊட்டுக் கல்யாணத்துல கிரைண்டரைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. மானமே போச்சுங்க.”

டீச்சர் மைக்கின் கழுத்தைப் பிடித்து மறுபடியும் அவன் பக்கம் திருப்பினாள்.

இந்த முறை அவன் தொண்டையைச் சரி செய்துகொள்ளவில்லை.

“எல்லாரும் கேளுங்க! உங்க பக்கத்துல ஒரு பெரியவரு, ஓடற மெஷின் மேல கைய வெச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, ‘பேரிங் போச்சு’ன்னு சொல்றாரா? சொன்னா அவரை விட்டுராதீங்க! அங்கயே புடிச்சு வெய்ங்க!”

மைதானமே திரும்பியது. அப்பளம் பாதி வாயில் நின்றது. ராட்டினத்தின் உச்சியில் இருந்தவர்கள் குனிந்து தேடினார்கள். ராட்டின வரிசையில் நின்றிருந்த பத்துப் பேர், எதற்கும் இருக்கட்டும் என்று விலகிக்கொண்டார்கள்.

கரும்பு ஜூஸ் கடைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“இங்க இருக்காருங்கோ! கால் மணி நேரமா என் மெஷினை விட மாட்டேங்கறாரு!”

எல்லோரும் ஓடினார்கள். டீச்சர் ஓடினாள். சென்னியப்பன் ஓடினான். தாசில்தாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

அர்த்தனாரி ஒரு காலில் செருப்போடும் ஒரு கால் வெறுமையாகவும் நின்றிருந்தார். வலது கை மோட்டாரின் மேல். கண் மூடியிருந்தது.

“அப்பா!”

கண்ணைத் திறந்தார்.

“வந்தியா கண்ணு. இந்தத் தம்பிகிட்டச் சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறான். பேரிங் போச்சு.”

ஜூஸ் கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

“நெசந்தானுங்க. காத்தாலருந்தே கரகரங்குது.”

கூட்டம் கை தட்டியது. எதற்கென்று தெரியாத அந்த நான்காமவரும் தட்டினார்.

கூடாரத்துக்குத் திரும்பும்போது சென்னியப்பன் நடக்கவில்லை, கிட்டத்தட்டக் குதித்தான். சட்டை நனைந்திருந்தது. மணி நாலு முப்பத்தொன்று.

கைபேசியைத் திறந்தான். இரண்டாயிரத்து அறுநூறு எழுத்தும் வரிசையாக நின்றன. பன்முகத் திறன். தொலைநோக்கு. அயராத உழைப்பு.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. உடனே பயமும் வந்தது.

“சார்,” என்றாள் டீச்சர். “உங்களைக் காணோம்னு உங்க வீட்டம்மா இங்க வந்து நின்னா, என்ன சொல்லுவாங்க?”

“தெரியலீங்களே.”

“போன் இருக்குதல்ல?”

மனைவி சுகந்தி முதல் மணியிலேயே எடுத்தாள்.

“ஏனுங்க, அனுப்பிட்டீங்களா?”

“இல்ல. இங்க பாரு, நான் தொலைஞ்சு போயிட்டா மைக்ல என்னன்னு சொல்லுவே?”

“வெயில்ல சுத்தாதீங்கன்னு சொன்னேன், கேட்டீங்களா?”

“அவசரம், சொல்லு.”

“அவரே வந்தாலும் வெச்சுக்காதீங்க, திருப்பி அனுப்பிருங்கன்னு சொல்லுவேன்.”

“ஸ்பீக்கர்ல இருக்குது. டீச்சர் கேட்டுக்கிட்டு இருக்காங்க.”

மறுமுனையில் ஒரு பாத்திரம் விழுந்த சத்தம்.

“ஐயோ, வணக்கமுங்க டீச்சர்! அவரைக் காணோம்னா சாக்கடைப் பக்கம் தேடச் சொல்லுவேனுங்க.”

“சாக்கடையா?”

“ஆமாங்க. சாயப் பட்டறைக்குள்ள எல்லாரும் முன்வாசல்ல போவாங்க. இவரு பொறவால போவாரு. வெளிய போற தண்ணியைப் பாட்டில்ல புடிச்சு வெயில்ல தூக்கிப் பார்ப்பாரு. கல்யாணமான புதுசுல ஊட்டிக்குப் போனோம். அங்க ஹோட்டல் பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டு இருந்தாருங்க, நான் ரூம்ல உக்காந்திருக்கறேன். அடிஸ் அபாபால அப்படிப் பார்த்துத்தான் ஆலையை ஆறு நாளு நிறுத்தினாரு. ஏழாவது நாளு இவரை நிறுத்திட்டாங்க.”

அவன் அவசரமாக இணைப்பைத் துண்டித்தான். முகம் சிவந்திருந்தது.

“அதை எழுதினா வேலை போயிருங்க டீச்சர். சாயப் பட்டறை வெச்சிருக்கறவரு, ஆலையை நிறுத்தினவனைப் போயி வேலைக்கு எடுப்பாரா? அந்த ஆறு நாளு எங்கயும் தலை காட்டக் கூடாதுன்னுதான் இத்தனை எழுத்தும் எழுதினேன்.”

டீச்சர் வெளியே பார்த்தாள். நான்கு பெரியவர்களும் அப்பளக் கடை பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான்கு வெள்ளை வேட்டி. நான்கு நரைத்த தலை. ஆளுக்கு ஒரு அப்பளம்.

“ஏர்போர்ட்ல எத்தனை பேரோடதைப் படிக்கறாருன்னு சொன்னீங்க சார்?”

“நாலு பேருங்க.”

அவள் மைக்கை இழுத்துக்கொண்டாள். வடக்கு வாசலில் ஒரு நீல நிறக் குடை கிடைத்திருப்பதாக அறிவிக்க ஆரம்பித்தாள். கைப்பிடியில் பல் தடம் இருக்குமாம்.

சென்னியப்பன் கூடாரத்தின் ஓரத்துக்குப் போனான். இரண்டாயிரத்து அறுநூறு எழுத்தையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தான். அழித்தான். பெட்டி காலியானது. 

விரல் ஓடியது. எழுத வேண்டியதை யோசிக்கவே இல்லை. முதலில் தமிழில் வந்தது, அதைப் பார்த்து ஆங்கிலத்தில் அடித்தான்.

‘எந்தச் சாய ஆலைக்குப் போனாலும் முதலில் பின்பக்கம் போய், வெளியேறும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வெயிலில் பார்ப்பேன்.

‘ஒருமுறை அப்படிப் பார்த்துவிட்டு ஆலையை ஆறு நாள் நிறுத்தினேன்.

‘ஆறாம் நாள் தண்ணீர் தெளிந்தது, ஏழாம் நாள் என் வேலை போனது.’

படித்துப் பார்த்தான். நடு வரியின் மேல் விரல் நின்றது. அதை எடுத்துவிட்டாலும் மற்றவை நிற்கும்போல்தான் இருந்தது. எடுத்தான். படித்தான். திரும்பப் போட்டான்.

“டீச்சர், இது சரியா?”

டீச்சர் திரும்பவில்லை. குடைக்காரர் வந்துவிட்டார். கைப்பிடியைக் கடிப்பது தன் மாமியார்தான் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

மணி நாலு ஐம்பத்தொன்று.

நாலு ஐம்பத்து மூன்றுக்கு, மூன்று வரியோடும், லிங்க்கை அனுப்பினான்.