நரைத்த தம்பி

இதை எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. பிலிம் பார்க்கிற அந்த மெஷினின் பாகங்களுக்கெல்லாம் எனக்குப் பெயர் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்க்கிறேன்.

“டீச்சர், என் தம்பி மங்கிக்கிட்டே வர்றான்” என்றாள் அஞ்சுகம்.

நூலகத்தில் மைக்ரோபிலிம் அறையைப் பார்த்துக்கொள்பவள் மரகதவல்லி. அஞ்சுகத்தைவிட வயதில் சின்னவள். பிலிமை மாட்டவும் உருட்டவும் அவளிடம்தான் அஞ்சுகம் கற்றுக்கொண்டாள். அதனால் டீச்சர்.

“எந்தத் தம்பி, அக்கா?”

“எனக்கு இருந்தது ஒருத்தன்தானே.”

அவன் பெயர் சேந்தன். கபடி ஆட்டக்காரன். மீசை முளைத்த வயதில் வெள்ளம் அவனைக் கொண்டுபோனது. வீட்டிலிருந்த படங்களும் அதோடு போயின. கோப்பை வாங்கியபோது செய்தித்தாளில் வந்த படம் ஒன்றுதான் மிச்சம்.

அந்தத் தாளும் பிறகு பொடிந்துவிட்டது. பொடிவதற்கு முன் யாரோ பக்கம் பக்கமாகப் படம் பிடித்துச் சின்னதாக ஒரு பிலிம் சுருளில் ஏற்றி வைத்திருந்தார்கள். பிலிமுக்குக் கீழே விளக்கு எரிந்தால், திரையில் பக்கம் பெரிதாகத் தெரியும்.

தினமும் அஞ்சுகம் வருவாள். சுருளை மாட்டி உருட்டுவாள். சேந்தன் வந்ததும் கைப்பிடியை விட்டுவிடுவாள்.

அறையைப் பூட்டும்வரை அவன் அங்கேயே நிற்பான்.

“பிரிண்ட் எடுத்துத் தரேன்னு அப்பவே சொன்னேன். வீட்டில வெச்சு ஆசைதீரப் பார்க்கலாம்.”

“வேண்டாம்.”

“ஏன்க்கா? என் மூஞ்சியைப் பார்க்காம இருக்க முடியலையா?”

அஞ்சுகம் சிரிக்கவில்லை.

“பிரிண்ட்ல அவன் முடி கறுப்பா வரும்.”

“கறுப்பு முடிதானே?”

“இதில வெள்ளையா இருக்கே, டீச்சர்.”

அது நெகட்டிவ் பிலிம். கறுப்பெல்லாம் வெள்ளை, வெள்ளையெல்லாம் கறுப்பு. திரையில் சேந்தனுக்குத் தலை நிறைய நரை.

“இருந்திருந்தா இப்ப இப்படித்தானே இருப்பான்? நரைச்சுப்போய், ‘உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு, அக்கா’ன்னு என்னை அதட்டிக்கிட்டு.”

மரகதவல்லி திரையருகே போய்ப் பார்த்தாள். படத்தின் ஓரத்தில் பழுப்பு ஏறியிருந்தது. அது சேந்தனின் தோள்வரை வந்துவிட்டது.

“இன்னும் பெரிய பல்பா மாட்டுங்க” என்றாள் அஞ்சுகம். “வெளிச்சம் பத்தலை. அதான் மங்குறான்.”

மரகதவல்லி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். பிலிமை அழுத்தியிருந்த கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“அய்யோ! சுடுது, டீச்சர்!”

“இன்னிக்கு நீங்க இப்பதான் வந்து உட்கார்ந்தீங்க. அதுக்குள்ள இந்தச் சூடு.”

அஞ்சுகம் கையை ஊதிக்கொண்டாள். ஊதியது பாதியில் நின்றது.

திரையைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

பிறகு மெஷினின் பக்கவாட்டில் தடவி, சுவிட்சைத் தேடி அணைத்தாள். திரை இருண்டது.

“சுருளைச் சுத்திப் பெட்டியில வெச்சிடட்டுமா?” என்று கேட்டாள் மரகதவல்லி.

“கொஞ்சம் பொறுங்க, டீச்சர்” என்றாள் அஞ்சுகம். “ஆறட்டும்.”