சங்குத்தீவில் விழுந்த ஒற்றை ஓட்டு

இந்தக் கதையில் மூன்று பேர் வருகிறார்கள். மூவருமே நல்லவர்கள், அதுதான் தொல்லை. கெட்டவன் ஒருவன் இருந்திருந்தால் பழியை அவன் தலையில் போட்டுவிட்டு நாம் சாப்பிடப் போயிருக்கலாம்.

சங்குத்தீவு ஒரு குட்டி நாடு. அக்கம்பக்கத்து நாடுகள் ஐந்தோடு சேர்ந்து ஓர் ஒன்றியத்தில் இருந்தது. அதிலேயே இருப்பதா, விலகுவதா என்று மக்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். வடமுனை மீனவர் குடியிருப்பில் யாருக்கும் குழப்பமில்லை. ஒன்றியத்துப் பெரிய கப்பல்கள் கடலை வழித்துக்கொண்டு போகின்றன. விலகியே ஆக வேண்டும். ஒருத்தி மட்டும் வேண்டாம் என்றாள்.

அவள் ரெஜினா. மருத்துவமனை விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பவள், கணவனை இழந்தவள். ஒரே மகன் ஒன்றியத்தின் இன்னொரு நாட்டில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தான். நினைத்தபோது படகேறி வந்துவிடுவான். விலகிவிட்டால் வருஷத்துக்கு ஒரு முறைதான் அனுமதி என்று பேச்சு. அவள் தன் மனதில் இருந்ததை வெளியே சொன்ன நாளிலிருந்து குடியிருப்பில் யாரும் அவளோடு பேசவில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பேசியவன் அடுத்த வீட்டுப் பிலவேந்திரன் மட்டும். அவனும் விலகும் கட்சிதான். தினமும் கடலிலிருந்து திரும்பியதும் வேலியோரம் நின்று வம்புக்கு இழுப்பான்.

"நம்ம மீனை அள்ளிட்டுப் போறவனோட என்னக்கா உறவு?"

"கப்பலைத் தடுக்கச் சட்டம் போடுங்க. எம்பிள்ளைய ஏன் தடுக்கீங்க?"

இருவரில் ஒருவரும் மசிந்ததில்லை. ஆனால் நாள் முழுக்க அவள் வாய் திறப்பது அந்த அரைமணி நேரம்தான்.

ஓட்டுப் போடும் இடம் மூன்று மைல் மணலுக்கு அப்பால் இருந்தது. ரெஜினாவுக்குக் கால் வீங்கியிருந்தது. ஓட்டுக்கு முந்தின நாள் பிலவேந்திரன் சொன்னான்: "நீங்க நடக்க வேண்டாம்க்கா. நானும் போகலை. போனாலும் உங்க ஓட்டும் என் ஓட்டும் ஒண்ணையொண்ணு அடிச்சிரும்." வேலிக்கு மேல் கையை நீட்டி, அந்த ஊர் வழக்கப்படி இருவரும் உப்பைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள்.

மறுநாள் காலை பிலவேந்திரன் வேலியோரம் வந்தான். அந்தப் பக்கம் விரிப்புகளை உலர்த்திக்கொண்டே ரெஜினா பேசுவது கேட்டது. யாரோடு என்று எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. அவன் வழக்கமாகச் சொல்வதை அவன் குரலிலேயே சொல்லி, பிறகு தன் பதிலையும் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிடவில்லை. திரும்பி நடந்தவன் ஓட்டுப் போடும் இடத்தை நோக்கி நேரே மணலில் இறங்கினான்.

மாலையில் அவன் விரலில் மை இருப்பதை அவள் பார்த்துவிட்டாள். அவன் கையைப் பின்னால் மறைத்தான். வேலிப்பக்கத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான்காம் நாள் தேர்தல் அலுவலர் தணிகாசலம் வந்து பலகையில் கணக்கை ஒட்டினார். ஒவ்வொரு ஊர்ப் பெட்டியின் கணக்கையும் அந்தந்த ஊரில் ஒட்ட வேண்டும் என்பது விதி. நாடு விலகுகிறது, பெரிய வித்தியாசத்தில் முடிவாகிவிட்டது. கீழே வடமுனைப் பெட்டி: விலக 41, இருக்க 1.

"அந்த ஒண்ணு யாரு?" என்று கூட்டம் கேட்டது. ரெஜினாவை அவர்கள் ஆள்கணக்கில் சேர்ப்பதையே விட்டிருந்தார்கள். ஒருவன் பிலவேந்திரனைப் பார்த்தான். "தினம் வேலியோரம் நிக்கிறது இவன்தானே?" அங்கே வள்ளத்தைத் தனியாகக் கடலில் இறக்க முடியாது. எட்டுப் பேர் தள்ள வேண்டும். ஊர் கைவிட்டால் பிலவேந்திரனின் பிழைப்பு மணலிலேயே கிடக்க வேண்டியதுதான்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ரெஜினா அந்த ஒன்றைப் பார்த்தாள். ஓட்டுப் போட அவள் போகவில்லை. அவள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவன் அந்த ஊரில் ஒருவன்தான். சத்தமில்லாமல் வீட்டுக்குப் போனாள். துணிக்குக் குறி போட வைத்திருந்த சேங்கொட்டையைக் குத்தி, அதன் கறுப்புச் சாற்றை விரலில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அந்தச் சாறு தோலைப் புண்ணாக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"நாந்தான் போட்டேன். இதுல என்ன சந்தேகம்?" என்று விரலைத் தூக்கிக் காட்டினாள்.

எல்லோரும் நம்பினார்கள். அவளை யாரும் பார்ப்பதையே விட்டு மாதங்கள் ஆகியிருந்ததால், அன்று அவள் வராததையும் யாரும் கவனித்திருக்கவில்லை. கவனித்தவர் தணிகாசலம் ஒருவர்தான். வந்து ஓட்டுப் போட்டவர்களுக்குக் குறி போட்ட வாக்காளர் பட்டியல் அவர் கையில் இருந்தது. அவர் பட்டியலைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு படகேறினார்.

பிலவேந்திரன் சத்தியத்தை மீறினான். ரெஜினா ஊரறியப் பொய் சொன்னாள். தணிகாசலம் விதிப்படி உண்மையை ஒட்டினார். பிறகு தனக்குத் தெரிந்த உண்மையை விழுங்கினார். சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: நாற்பத்தோரு பேருக்கு நடுவே ஒருவரைத் தனியே நிறுத்திக் காட்டும் கணக்கை ஒட்டியது விதிக்குச் சரி, மனிதருக்குத் தவறு. பட்டியலைச் சுருட்டியபோது தணிகாசலம் அதில் பாதியைச் சரிசெய்தார். பிலவேந்திரன் சத்தியம் செய்தது ரெஜினாவுக்கு. அதை மீறியதை மன்னிக்கும் உரிமை அவளுக்கு மட்டுமே உண்டு. விரலில் கறை வைத்தபோதே அவள் மன்னித்துவிட்டாள். ஆகவே சரியாகச் செய்தவள் அவள் என்பேன். பிலவேந்திரனின் தவறு வேறு. அன்று காலை "அக்கா, உங்க பக்கம்தான் போடப் போறேன்" என்று கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். இனி சொல்ல வழியில்லை. அவள் வேலியோரம் அவன் நின்றால் ஊர் கணக்கை மறுபடி எண்ணும். எட்டுப் பேர் வள்ளத்தைத் தள்ளிவிட, கரை மறையும்வரை பேசாமல் போகிறான். பிறகு அவள் கேள்வியை அவள் குரலில் கேட்டு, தன் பதிலைத் தானே சொல்லிக்கொண்டு வலையை இறக்குகிறான்.